நீங்க அவருக்கு யாரு?

திருப்பூரிலிருந்து காங்கேயம் ரோட்டில் போனால் நல்லூர். ஒரு காலத்தில் தனி நகராட்சியாக இருந்தது. 2011இல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். ஒரு பக்கம் பழைய விஸ்வேஸ்வரர் கோயில், இன்னொரு பக்கம் பனியன் கம்பெனிகளும் லைன் வீடுகளும். சனிக்கிழமை ராத்திரி சம்பளம். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்து, கறி எடுத்துச் சமைத்து, மத்தியானம் அடித்துப் போட்ட மாதிரி தூக்கம். ஊரே அப்படித்தான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அங்கே ஒரு பேக்கரியில் அவரைச் சந்தித்தேன். புத்தகத் திருவிழாவில் அறிமுகமானவர். தெற்கத்திப் பக்கம் சொந்த ஊர். எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுப் பையர்களுக்கு மெயில் எழுதி எழுதி இங்கிலீஷ் வசப்பட்டுவிட்டது. நிறையப் படிக்கிறவர். பெயர் வேண்டாம்.

டீ வந்தது. ஆறியது. அதற்கப்புறம்தான் பேச ஆரம்பித்தார்.

"எங்கூட ஒருத்தர் லைன் வீட்டுல தங்கியிருந்தாருண்ணே. டெய்லர். ஏழு வருசம். மஞ்சக்காமாலை வந்து போயிட்டாரு. ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போடப் போனேன். 'நீங்க அவருக்கு யாரு?'ன்னாங்க. ரூம்மேட்டுன்னேன். 'வீட்டு ஆளுங்களை வரச் சொல்லுங்க'ன்னுட்டாங்க."

வீட்டு ஆட்கள் வந்தார்கள். உடலை வேனில் ஊருக்குக் கொண்டுபோனார்கள். இவர் பஸ் பிடித்துப் பின்னால் போனார். அங்கே பந்தலுக்கு நாற்காலி இறக்கிப் போட்டிருக்கிறார். வந்தவர்களுக்குத் தண்ணீர் பாக்கெட் கொடுத்திருக்கிறார். திரும்பி வந்தால் கம்பெனியில் மூன்று நாள் சம்பளம் பிடித்தம். சொந்தத்தில் சாவு என்றால் லீவு உண்டு. ரூம்மேட்டுக்குக் கிடையாது.

"கட்டினவ செத்தா, ஒரு வருசம் கழிச்சு ஊரே பொண்ணு பாக்குது. அதுக்குக் கதை இருக்கு, சினிமா இருக்கு. எனக்கு என்னண்ணே இருக்கு?"

நான் சும்மா இருந்தேன். அவரே ஃபோனை எடுத்துக் காட்டினார். அவருக்கு இருந்தது இங்கிலீஷ் ரொமான்ஸ் நாவல்கள். இரண்டு ஆண்கள் காதலிக்கும் கதைகள். அதிலும் ஒரு தனி ரகம்.

அந்த ரகத்தைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறேன். முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளுங்கள். ஆனால், பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

பிடிஎஸ்எம் என்று நாலு எழுத்து. ஒருவர் கட்டளையிடுவார், மற்றவர் பணிவார். கட்டிப் போடுவதும் உண்டு, வலி கொடுப்பதும் வாங்குவதும் உண்டு. இரண்டு பேரும் வளர்ந்தவர்கள், இரண்டு பேரும் தெரிந்தே சம்மதித்தவர்கள் என்பது அடிப்படை நிபந்தனை. இந்த வகை ஆண்-ஆண் காதல் கதைகளில் ஒரு கிளை இருக்கிறது. துணையை இழந்தவன் ஒருவன். வருஷக்கணக்கில் வீட்டையும் மனசையும் பூட்டி வைத்திருக்கிறான். இன்னொருவன் வருகிறான். பேச்சு, பயம், பின்வாங்கல். கடைசியில் பூட்டு திறக்கிறது. சுபம்.

'ஐயய்யே, இது என்ன வக்கிரம்' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு அலகு குத்திப் போகிறவரைப் பார்த்து, 'உங்களை யார் அடித்தது?' என்று நாம் கேட்பதில்லை. வலி அவருடையது, வேண்டுதலும் அவருடையது. சங்ககாலக் காதலன் பனைமட்டையில் குதிரை செய்து மடலேறினானே, கருக்கு கிழித்து ரத்தம் வருமே, அதையும் பாடத்தில் வைத்துப் பிள்ளைகளுக்கு மார்க் போடுகிறோம். வலியை விரும்பி ஏற்பது நமக்கு ஒன்றும் புதுசு இல்லை. படுக்கையறைக்குள் அது வந்தால்தான் நமக்கு வேர்க்கிறது.

அதுவும் புதுசு இல்லை. வாத்ஸ்யாயனர் காமசூத்திரத்தில் நகக்குறிக்கும் பற்குறிக்கும் அடிக்கும் தனித்தனியாக அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். அதில் ஒரு இடத்தில் நம் ஊர் ராஜா ஒருவர் தலைகாட்டுகிறார். சித்திரசேனை என்ற கணிகையைக் கலவியின்போது மார்பில் அடித்துக் கொன்றேவிட்டாராம் சோழ ராஜா. வாத்ஸ்யாயனர் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. இந்த மாதிரி முரட்டு அடிகள் அபாயமானவை, மரியாதைக்குரியவை அல்ல என்று கண்டிக்கத்தான் உதாரணம் காட்டுகிறார். ஆக, எல்லை எது என்ற கேள்வி அப்போதே இருந்திருக்கிறது.

இந்த நாவல்களில் எனக்குப் பிடித்த விஷயமும் இந்த எல்லைதான். கதாநாயகன் கை வைப்பதற்கு முன்னால் பேசுகிறான். உட்காரவைத்துப் பேசுகிறான். உனக்கு எது பிடிக்கும், எது ஆகவே ஆகாது, எங்கே நிறுத்த வேண்டும்? நிறுத்துவதற்கு ஒரு வார்த்தையை முன்கூட்டியே முடிவு செய்துகொள்கிறார்கள். அந்த வார்த்தையைச் சொன்னால் அந்த நிமிஷமே எல்லாம் நிற்க வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. ஆளுகிறவன் யார், ஆளப்படுகிறவன் யார் என்று பார்த்தால், கடைசி அதிகாரம் பணிகிறவன் கையில் இருக்கிறது. வேடிக்கையாக இல்லை?

இப்போது நம்முடைய கௌரவமான காதல் கதைகளுக்கு வாருங்கள். ஹீரோயின் திமிராகப் பேசுவாள். ஹீரோ பளாரென்று ஒன்று கொடுப்பான். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அடுத்த சீனில் டூயட். எத்தனை படம் பார்த்திருக்கிறோம்! குடும்பத்தோடு, முறுக்கு தின்றுகொண்டே பார்த்திருக்கிறோம். அந்தப் பெண்ணை யாராவது கேட்டார்களா? நிறுத்துவதற்கு அவளிடம் ஒரு வார்த்தை இருந்ததா? இங்கே எதை வக்கிரம் என்பது, எதைக் குடும்பப் பாங்கு என்பது? எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

சரி, புகழ்ந்தது போதும். விமர்சனம் என்று வந்தால் குறையையும் சொல்ல வேண்டுமே.

இந்த நாவல்களில் முக்கால்வாசி அச்சில் வார்த்தவை. நாயகனுக்குப் பணத்துக்குப் பஞ்சமில்லை. பெரிய வீடு. வாடகை கேட்டு யாரும் வருவதில்லை. செத்துப்போன முதல் காதலன் தெய்வப்பிறவி. ஒரு நாள்கூடச் சண்டை போடாதவன், குறட்டை விடாதவன். அவன் படம் சுவரில் தொங்கும். இருபதாவது அத்தியாயத்தில் அது அலமாரிக்குப் போகும். துக்கம் முடிந்துவிட்டதாம்! துக்கம் என்ன, ஷிப்ட்டா? சங்கு ஊதினால் முடிவதற்கு?

இன்னொரு வியாதியும் உண்டு. 2011இல் வந்து உலகமெங்கும் பத்துக் கோடிக்கு மேல் விற்ற 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' பரப்பிய வியாதி. அது ஆண்-பெண் கதை. அதன் நாயகனுக்கு இந்த ஆசை ஏன் வந்தது என்றால், சின்ன வயதில் பட்ட காயமாம். அன்பு கிடைத்தால் குணமாகிவிடுவானாம். 2015இல் அந்தப் படத்துக்கு நம் தணிக்கை வாரியம் சான்றிதழ் தரவில்லை. உடம்பைப் பார்த்துப் பயந்தார்கள். நான் பயப்படுவது அந்தக் கதையின் நீதியைப் பார்த்து. ஓர் ஆசையை நோயென்று காட்டி, அதற்கு மருந்தாகக் காதலைக் கொடுப்பது பழைய வைத்தியர்கள் வேலை. எழுத்தாளன் வேலை இல்லை.

அச்சில் வார்க்காத புத்தகம் ஒன்றைச் சொல்கிறேன். ஆடம் மார்ஸ்-ஜோன்ஸ் எழுதிய 'பாக்ஸ் ஹில்'. 2020இல் வந்தது. நூற்றுச் சொச்சம் பக்கம்தான். தன்னைக் குறைவாக மதித்துக்கொள்கிற ஒருவனின் கதை என்று துணைத்தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார்.

1975. லண்டனுக்குத் தெற்கே, மோட்டார் சைக்கிள்காரர்கள் கூடும் குன்று. கொலின் என்ற குண்டுப் பையனுக்கு அன்று பதினெட்டாவது பிறந்தநாள். மரத்தடியில் நீட்டிப் படுத்திருந்த ரே என்பவனின் கால் தடுக்கி விழுகிறான். ரே உயரம், அழகு, உடம்பெல்லாம் தோல் உடுப்பு. அன்றிலிருந்து ஆறு வருஷம் கொலின் அவன் வீட்டில். வேலையெல்லாம் செய்கிறான், தரையில் படுக்கிறான். கேள்வி கேட்பதில்லை. கேட்கலாம் என்று தோன்றுவதுகூட இல்லை. ஆறு வருஷம் கழித்து மோட்டார் சைக்கிள் விபத்தில் ரே இறந்துபோகிறான். கொலினிடம் மிஞ்சியது எவ்வளவு? தான் உயிரையே வைத்திருந்த மனிதனைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது என்ற ஞானம் மட்டும்.

இங்கே ஒரு சட்ட விவரம் முக்கியம். இங்கிலாந்தில் 1967இல் ஆண்-ஆண் உறவு குற்றமில்லை என்று ஆனது. ஆனால் 21 வயது ஆகியிருக்க வேண்டும். 18 ஆகக் குறைத்தது 1994இல். அதாவது, 1975இல் கொலின் சட்டப்படி சம்மதம் சொல்லவே தகுதியில்லாதவன். சம்மதம் சொல்லவே உரிமை இல்லாதவன், துக்கம் காக்க உரிமை கேட்டு எங்கே போவான்?

மார்ஸ்-ஜோன்ஸ் இரக்கம் காட்டிக் கெடுக்கவில்லை. கொலின் அந்த ஆறு வருஷத்தைத் தன் வாழ்க்கையின் பொற்காலம் என்று நினைக்கிறான். வாசிக்கிற நமக்கு, 'அடப் பாவி, உன்னை அவன் ஒரு தடவையாவது கேட்டானா?' என்று இருக்கிறது. அவன் சொல்வதற்கும் நாம் உணர்வதற்கும் நடுவே உள்ள அந்த இடைவெளிதான் நாவல். ரொமான்ஸ் நாவல்கள் முதல் அத்தியாயத்திலேயே பேசித் தீர்க்கிற விஷயம் இதில் கடைசிவரை பேசப்படவே இல்லை. அதனால்தான் வலிக்கிறது.

இந்த நாவலை ஹாரி லைட்டன் 'பில்லியன்' என்று படமாக எடுத்தார். கோடிக்கணக்கு பில்லியன் அல்ல, பைக்கின் பின்சீட்டு. 2025 கான் திரைப்பட விழாவில், அன் செர்டெய்ன் ரிகார்ட் பிரிவில் சிறந்த திரைக்கதை விருது வாங்கியது. கதையை இன்றைய காலத்துக்கு மாற்றிவிட்டார். கொலின் இப்போது வண்டிகளுக்கு அபராதச் சீட்டு எழுதுகிறவன், அப்பாவோடு சேர்ந்து குழுவில் பாடுகிறவன். அம்மாவுக்குப் புற்றுநோய், இறந்துபோகிறாள். அதற்கப்புறம் கொலின் முதல்முறையாக வாய் திறக்கிறான். வாரத்தில் ஒரே ஒரு நாள், கட்டளை இல்லாத நாள் வேண்டும் என்கிறான். ரே கொடுக்கிறான். அந்த ஒரு நாள் சந்தோஷத்தைத் தாங்க முடியாமல் காணாமலே போய்விடுகிறான்.

படம் அங்கே முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். கொலின் பிறகு இன்னொருவனைப் பார்க்கிறான். உட்கார்ந்து, தன் நிபந்தனைகளைத் தானே சொல்கிறான். அவ்வளவுதான் காட்சி. கொலின் தன் ஆசையை விட்டுவிடவில்லை, குணமாகவும் இல்லை. பணிகிறவனாகவே இருக்கிறான். ஆனால் கேட்கத் தெரிந்துகொண்டுவிட்டான். இழப்புக்குப் பின் காதல் என்று ஆயிரம் நாவல்கள் கூவி விற்பதை அந்தச் சின்னக் காட்சி சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. நாவல் எனக்கு உசத்திதான். ஆனால் நல்லூர் நண்பருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் படத்தைத்தான் கொடுப்பேன்.

'சரி சார், இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்' என்பீர்கள். இல்லை. டாம் ஃபோர்டு 2009இல் எடுத்த 'எ சிங்கிள் மேன்' படத்தில் ஒரு காட்சி. பதினாறு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவன் கார் விபத்தில் இறந்துவிட்டான் என்று ஃபோன் வருகிறது. சவ அடக்கம் குடும்பத்தாருக்கு மட்டும் என்று மரியாதையாகச் சொல்கிறது மறுமுனைக் குரல். இவனும் மரியாதையாக நன்றி சொல்லி ஃபோனை வைக்கிறான். அந்தப் புரொஃபசரும் நல்லூர்க்காரரும் நின்றது ஒரே இடத்தில்தான். ஒரே வித்தியாசம், நம்மாள் நாற்காலி இறக்கிப் போட்டிருக்கிறார்.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 1860இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவை, வளர்ந்த இருவரின் சம்மத உறவுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6இல் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில், ஒருபாலினத் திருமணத்தைத் தன்னால் அங்கீகரிக்க முடியாது என்றது. 2024 ஆகஸ்டில் மத்திய அரசு சில தெளிவுரைகள் தந்தது. கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கலாம், துணைவரை நாமினியாகப் போடலாம். நெருங்கிய உறவினர் இல்லாத பட்சத்தில் துணைவரே உடலைப் பெற்றுக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள் என்று மாநிலங்களுக்குக் கடிதமும் போனது. நல்ல காரியம்தான். ஆனால் அந்த 'இல்லாத பட்சத்தில்' இருக்கிறதே! 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்பதில்லை, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்று சொன்னது. நீதிமன்றத்துக்குப் புரிந்தது நம் கதைகளுக்குப் புரிந்ததா?

1978இல் கரிச்சான் குஞ்சு 'பசித்த மானிடம்' எழுதினார். ஆண்-ஆண் உடலுறவை ஒளித்து மறைக்காமல் எழுதிய துணிச்சலான நாவல். ஆனால் அதன் கணேசன் பெரிய மனிதர்களின் ஆசைக்கு ஆளாகிறான், பிறகு தொழுநோயாளியாகிறான். பசி இருக்கிறது, சுரண்டல் இருக்கிறது, ஞானமும் இருக்கிறது. காதலுக்குத்தான் அங்கே இடமில்லை. அந்த நாவல் எழுத வந்த விஷயமும் அது இல்லை. நாற்பது வருஷம் கழித்து, 2018இல் கிரீஷின் 'விடுபட்டவை' வந்தது. தன்பால் ஈர்ப்புள்ள ஓர் ஆண் தானே தன்மையில் பேசும் புத்தகம். விடுபட்டவை என்று தலைப்பு வைத்தாரே, அதுவே பாதி விமர்சனம். இன்னும் எவ்வளவோ விடுபட்டிருக்கிறது. முக்கியமாக, துணை செத்த பிறகும் உயிரோடு இருக்க வேண்டியவனின் கதை. செத்துப்போகிற காதலர்களை எழுத நமக்கு வரும். மிஞ்சியவனை எழுதத்தான் வராது.

தமிழில் ஓர் ஆணுக்காக இன்னோர் ஆண் துக்கம் காத்ததே இல்லையா? புறநானூற்றுக்குப் போங்கள். கோப்பெருஞ்சோழன் வடக்கிருக்கிறான், சாவதற்காக. பிசிராந்தையார் வருவார், அவருக்குப் பக்கத்தில் ஓர் இடம் விட்டு வையுங்கள் என்கிறான். இரண்டு பேரும் முகம் பார்த்துக்கொண்டதே கிடையாது. பாண்டிய நாட்டிலிருந்து அவர் வருகிறார். அந்த இடத்தில் உட்கார்ந்து உயிர் விடுகிறார். இது நட்பு. அதை நான் வேறு எதுவாகவும் மாற்றிச் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். நான் கவனிப்பது அந்த இடத்தை. 'நீங்க அவருக்கு யாரு?' என்று பிசிராந்தையாரை யாரும் கேட்கவில்லை. ராஜா முன்பே சொல்லிவைத்துவிட்டான். நம் ஊரில் சொல்லிவைக்க ராஜா இல்லை. கதைகள்தான் சொல்லிவைக்க வேண்டும்.

பேக்கரியில் விளக்குப் போட்டார்கள். ஒரு சந்தேகம் என் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று தயங்கிக் கேட்டேன். "பகலெல்லாம் சூப்பர்வைசர், பையர்னு எவனெவனோ அதிகாரம் பண்றான். ராத்திரியும் கட்டளை, அதிகாரம்னு கதை படிக்க உங்களுக்குச் சலிக்கலையா?"

சிரித்தார். அன்றைக்கு முதல்முறையாக.

"கம்பெனியில எவனும் 'போதுமா?'ன்னு கேக்கறதில்லைண்ணே. இந்தக் கதையில கேக்கறான்."

கொஞ்ச நேரம் கழித்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "அவரு கேப்பாரு" என்றார்.

இந்த ரக நாவல்களைப் பற்றி இத்தனை பத்தி எழுதினேன். ஒரு வார்த்தையில் அவர் விமர்சனத்தை முடித்துவிட்டார். புத்தகம் நல்ல புத்தகமா என்று பார்க்க எனக்கும் இனி அந்த வார்த்தைதான். தோல் உடுப்பு, கயிறு, மாளிகை எல்லாம் தள்ளிவிட்டுப் பாருங்கள். ஒருவன் இன்னொருவனிடம் 'போதுமா?' என்று கேட்கிறானா? கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறானா? இந்தச் சோதனையை நம் குடும்பக் கதைகளுக்கும் வைத்துப் பாருங்கள். எத்தனை தேறும் என்று எனக்கு எழுதுங்கள்.

கிளம்பும்போது கேட்டேன், "அந்த ரூம்லயேதான் இருக்கீங்களா?"

"ஆமாண்ணே. வேற ஆளைச் சேத்துக்கச் சொல்லி ஹவுஸ் ஓனர் சொல்றாரு. வாடகை ஜாஸ்தி. பாக்கணும்."

காங்கேயம் பஸ் ஒன்று நின்று, இறங்கியவர்களை விட்டுவிட்டுப் போனது. ரோட்டைக் கடந்து லைன் வீட்டுப் பக்கம் நடந்தார். கையில் ஃபோன். படித்துக்கொண்டே போனார்.